காதுல நின்ன எண்ணெய்

பிள்ள காதுல பஞ்சு வச்சிருக்கியே தங்கச்சி, என்னது, சீழா? சீழு இல்லன்னா அரிப்பா? குச்சி, ஊக்கு, கையில எது கெடச்சாலும் விட்டுக் குடையுதானா? அப்பம் அதேதான். டாக்டர்மாரு அதுக்குப் பூஞ்சைன்னு பேரு சொல்லுவாவ. எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த பஸ்ஸுல வேற யாருக்கும் அதைப் பத்தித் தெரியாது. பிள்ளையைக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்கார வையி, நான் இந்த ஓரத்துல இருந்துக்கிடுதேன். வெயிலு அடிச்சா அடிக்கட்டும். காதுக்கு வெயிலு ஒண்ணும் செய்யாது, காத்துதான் ஆகாது.

நான் தூத்துக்குடிதான். பாளையங்கோட்டையில எம் மவ வீட்டுக்குப் போயிட்டு வாரேன். எங்க வீட்டு ஆளு அங்கனதான் இருக்காவ. பேரு தொம்மை. புருசன் பேரைச் சொல்லப்பிடாதும்பாவ. இப்பம் சொன்னா என்ன? கூப்பிட்டாலும் கேக்கவா போவுது? ரெண்டு காதும் போச்சு தங்கச்சி. சுத்தமாப் போச்சு. பக்கத்துல நின்னு சட்டியைப் போட்டு உடைச்சாலும் திரும்ப மாட்டாவ.

எம் மவ ஜெனோவா இருக்காள்லா, அவ சொல்லுதா, அது என்னாலதானாம். பெத்த தாயைப் பாத்துச் சொல்லுதா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா, அந்தத் திமிரு. "நீ ஊத்துன எண்ணெயிலதாம்மா அப்பாவுக்குக் காது போச்சு"ன்னு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்குற மாதிரிச் சொல்லுதா. நான் உங்கிட்ட முழுசாச் சொல்லுதேன். நீ யாரோ, நான் யாரோ. நீயே நியாயம் சொல்லு.

எங்க ஆளு சங்கு குளிக்கிறவிய. கடலுக்கடியில போயி, தரையில கெடக்க சங்கைக் கையால பொறக்கிட்டு வரணும். முன்னெல்லாம் மூச்சை அடக்கிட்டுப் போவாவ. இப்பம் படகுல காத்து மிசின வச்சு, குழாயை வாயில கவ்விட்டு எறங்குதாவ. எப்படிப் போனாலும் ஆழத்துல காதுதான் முதல்ல அடி வாங்கும். அவியளுக்கு எளவட்டத்துலயே இடது காது சவ்வு கிழிஞ்சு போச்சு. நான் கல்யாணம் முடிச்சு வாரப்பவே அந்தக் காது மந்தம்தான். வலது காது மட்டும் நல்லாக் கேக்கும். அந்த ஒத்தக் காதுலதான் எங்க குடும்பமே நடந்துச்சு. சண்டை போடணும்னாக்கூட நான் வலது பக்கமா வந்து நின்னுதான் போடணும். இடது பக்கம் நின்னு ஏசுனா பாவம், சிரிச்சிட்டே இருப்பாவ.

அப்பம் சிரிச்சோம். அது கிளாட்வின் இருந்த காலம்.

கிளாட்வின் எம் மவன். ஜெனோவாவுக்கு எளையவன். இந்தப் பிள்ள கண்ணு மாதிரிதான் இருக்கும் அவன் கண்ணும், நல்லா முழிச்சிப் பாக்கும். அவனும் அப்பா கூடயே சங்குக்குப் போனான். அன்னைக்கு அவனுக்கு மூக்கடைச்சு சளி கட்டிக் கெடந்துச்சு. சளி இருந்தா காத்தை வெளிய விட முடியாது, காதும் நெஞ்சும் தாங்காது, கடலுக்குள்ள எறங்கப்பிடாது. குளிக்கிற ஆளுவ எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். நான் வாசல்ல நின்னு சொன்னேன், "பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாதிய"ன்னு. "இன்னைக்கு ஆளு கொறவு, ஆழத்துக்கு விடாம மேலாப்புலதான் எறக்குவேன்"ன்னாவ. கூட்டிட்டுப் போனாவ. எறங்குன பிள்ள உசுரோட மேல வரல.

அவ்வளவுதான். அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல என்னால ஆவாது. கொஞ்சம் தண்ணி இருந்தாத் தா.

இப்பம் கேளு. வேற ஒருத்தியா இருந்தா என்ன செஞ்சிருப்பா? மண்ணை வாரித் தூத்திருப்பா. "எம் பிள்ளையைக் கொன்னுட்டியே பாவி"ன்னு தெருவுல நின்னு நெஞ்சுல அடிச்சிருப்பா. நான் ஒரு வார்த்தை சொல்லல. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு, இந்தப் பிரகாசி தன் புருசனை ஒரு வார்த்தை சொன்னாளான்னு. சொல்லல. அடக்கத்துக்குப் பெறவு நான் வாயே தொறக்கல. சோத்தைப் போட்டு மூடி வைப்பேன். துணியைத் துவைச்சு மடிச்சு வைப்பேன். பூசைக்குப் போவோம், ஒரே பெஞ்சுல இருப்போம், வருவோம். வருசம் ரெண்டு ஆச்சு, நான் அந்த மனுசனை ஏசுனதே இல்ல. ஜெனோவா வாரப்பல்லாம் கையைப் புடிச்சுக் கெஞ்சுவா, "யம்மா, நாலு ஏச்சாவது ஏசிரும்மா, அப்பாவுக்கு அதுவே போதும்"ன்னு. நான் எதுக்கு ஏசணும்? என் கொணம் அப்படி இல்ல.

அப்படி இருக்கப்பத்தான் அவியளுக்கு வலது காதுல அரிப்பு வந்துச்சு. முதல்ல விரலை விட்டு ஆட்டுனாவ. பெறவு தீக்குச்சி. பெறவு வலை முடியுற ஊசி. ஒரு நாள் சாயங்காலம் முத்தத்துல குத்த வச்சு இருந்துட்டு, மண்டையை உள்ளங்கையால அடிச்சிட்டே குடையுதாவ. குச்சி முனையில ரத்தம். நான் மீன் கழுவிட்டு இருந்தேன். எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல. "குடையாதிய, இங்கன வாங்க"ன்னுட்டேன்.

தங்கச்சி, அவிய என்னைப் பாத்தாவ பாரு. கோயில்ல மாதா சுரூபம் வாயைத் தொறந்து பேசுனா எப்படிப் பாப்பம்? அப்படிப் பாத்தாவ. கையில இருந்த குச்சி கீழ விழுந்துட்டு. எந்திரிச்சு வந்து எம் மடியில தலையை வச்சுப் படுத்தாவ. கடல்ல கெடந்து கெடந்து முடியெல்லாம் தேங்காய் நாராட்டம் இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துட்டு. காட்டிக்கிடல.

அன்னைக்கு வெறும் தேங்காய் எண்ணெயைத்தான் ஊத்துனேன். ஜெனோவா வந்து டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. அவதான் வீட்டுக்கு வந்து சொன்னா. "காதுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கும்மா. ஊறுகாய்ல வெள்ளையாப் பூக்கும்லா, அது மாதிரி. கொஞ்ச நாளைக்குக் கடல் ஆகாது. சொட்டு மருந்து இருக்கு. காது ஈரமில்லாமக் காஞ்சு கெடக்கணும்"ன்னா.

ஊறுகாய்னு அவதான் சொன்னா, நான் சொல்லல. நீயே சொல்லு, ஊறுகாய்ல பூஞ்சை பூக்காம இருக்க நாம என்ன செய்யுதோம்? மேல எண்ணெய் நிக்க விடுதோம்லா? எண்ணெய் கொறைஞ்ச ஊறுகாய்தான் பூக்கும். எண்ணெய் நின்னா வருசம் ஆனாலும் கெடாது. அப்பம் காதுக்கு மட்டும் வேற நியாயமா? ஈரம் ஆகாதுன்னா, எண்ணெய் என்ன தண்ணியா? தண்ணியும் எண்ணெயும் ஒட்டாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் நின்னா கடல் தண்ணியும் உள்ள ஏறாது, ஒரே கல்லுல ரெண்டு மாங்காய். இதை மவட்ட சொன்னா தலையில அடிக்கா.

டாக்டரு எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் ஊத்தக்கூடாதுன்னு அப்பாட்ட சொன்னாராம். இப்பம் சொல்லுதா. அப்படிச் சொல்லிருந்தா அவிய எங்கிட்ட வந்து சொல்லிருப்பாவல்லா? சொல்லலியே. சாயங்காலம் ஆனா கையைக் காலைக் கழுவிட்டு அவியளே வந்து மடியில படுப்பாவ. நான் கூப்பிட மாட்டேன். அவியளே வருவாவ.

நான் சும்மா ஏதோ எண்ணெயை ஊத்துனேன்னு நெனைக்காத. செக்குல ஆட்டுன நல்லெண்ணெய். நாட்டுப் பூண்டை நசுக்கிப் போடணும். வேப்பங்கொழுந்து ஒரு பிடி, துளசி, கொஞ்சம் ஓமம். மண்சட்டியில சிறு தீயில வச்சு, பூண்டு செவந்து வாரப்ப எறக்கணும், கருகவிட்டா மருந்து செத்துப் போவும். ஆறவச்சுத் துணியில வடிச்சு, இளஞ்சூட்டுல ஊத்தணும். ஊத்துறதுக்கு முன்ன எம் புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாப்பேன். கைப்பிள்ளைக்குப் பாலு பாக்குற மாதிரிப் பாப்பேன். கடலுக்குப் போற அன்னைக்குக் காலையிலயும் ஊத்தி, பஞ்சு வச்சு, மேல மெழுகு தடவி அனுப்புவேன். அவ்வளவு பக்குவம் எந்த டாக்டரு பாப்பாரு?

எண்ணெய் ஊத்தினா உடனே எந்திரிக்கப்பிடாது. உள்ள எறங்கணும். அதுவரைக்கும் நான் அவிய தலையைத் தடவிட்டே இருப்பேன். அப்பந்தான் எனக்குப் பேச்சு வரும். கேக்குற காதுல எண்ணெய் நிக்கி, மந்தக் காது மடியில புதைஞ்சு கெடக்கு. ஒண்ணும் கேக்காதுலா? அந்தத் தைரியம். எதிர்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லாதவ, அந்தக் காதுக்கிட்டக் குனிஞ்சு எல்லாத்தையும் சொன்னேன். "சளி புடிச்ச பிள்ளையை எறக்குனியள்லா. வாசல்ல நின்னு சொன்னேன்லா. ஆளு கொறவுன்னா ஒரு நாளு படகு கரையில கெடந்தா என்ன, கடலு ஓடியா போவும்? அவன் கடைசியா என்னத்த நெனச்சானோ, என்னத் தேடுனானோ"ன்னு. சத்தம் போட்டு இல்ல தங்கச்சி. தடவித் தடவித்தான் சொல்லுவேன். தாலாட்டுப் பாடுற மாதிரிச் சொல்லுவேன். தினமும் சொல்லுவேன். சொல்லிட்டா எனக்கு நெஞ்சு லேசாப் போவும்.

அவியளுக்குக் கண்ணுல தண்ணி வடியும். வடிஞ்சு எஞ் சேலையெல்லாம் நனைஞ்சு போவும். பூண்டு காரம்தான் எரிக்குன்னு நெனச்சு பூண்டைக் கொறச்சேன். அப்பமும் வடிஞ்சுச்சு. சரி, உள்ள இருக்க பூஞ்சை சாவுது, அதான் எரியுதுன்னு விட்டுட்டேன்.

நல்லாத்தான் இருந்தோம். நம்புனா நம்பு, கிளாட்வின் போன பெறவு எனக்கு நல்லா இருந்த நாளுன்னா அதுதான். பகல்லயும் பேச ஆரம்பிச்சோம். உப்பு போதுமா, மழை வருமா, இந்த மாதிரி. ஒரு நாளு அவிய எனக்குப் பூ வாங்கிட்டு வந்தாவ. எதுக்குன்னு கேட்டேன். "சும்மாதான்"ன்னாவ.

ஆனா காது கேக்கல. சொல்பேச்சுக் கேக்கலன்னு சொல்லுதேன், மருந்துக்கு அடங்கல. கருப்பா, ஈரக் காயிதம் மாதிரி அடை அடையா வந்துச்சு. நாத்தம் வந்துச்சு. எண்ணெய் பத்தலன்னு எருக்கலைச் செடியில பழுத்த இலையை நெய் தடவி அனல்ல வாட்டிப் பிழிஞ்சு விட்டேன். அப்பமும் நிக்கல. மருள் இலையைச் சுட்டுச் சாறு எடுத்து விட்டேன். அது விட்டப்ப மட்டும் அவிய எம் முழங்காலைப் புடிச்சாவ. இறுக்கிப் புடிச்சாவ. வலிக்கான்னு கேட்டேன். இல்லன்னு தலையை ஆட்டுனாவ. அவிய பொய் சொல்ல மாட்டாவ, அதான் நானும் விட்டேன்.

பெறவு நடக்கையில தள்ளாட ஆரம்பிச்சாவ. நான் கூப்பிட்டா வேற பக்கம் திரும்பிப் பாப்பாவ. ஒரு நாளு படகுல ஏறப் போன ஆளு அப்படியே சாஞ்சு கரையில விழுந்துட்டாவ. காய்ச்சல் நெருப்பாக் கொதிக்கி. ஜெனோவா வந்து ஆஸ்பத்திரியில சேத்தா. காதுக்குப் பின்னால எலும்பு வரைக்கும் அரிச்சிட்டுன்னு அறுத்தாவ. உசுரு தப்பிட்டு. காது தப்பல.

பெறவு வீட்டுல வச்சு எம் மவ என்னைக் கொலைகாரி மாதிரி நிக்க வச்சா. அப்பாவோட டிரங்குப் பெட்டியைக் கிண்டி, சட்டைக்கு அடியில இருந்து அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக்காட்டுதா. மூடியே தொறக்கல. நாந்தான் ஒளிச்சு வச்சேங்கா. அந்தோணியார் மேல ஆணை தங்கச்சி, நான் அந்தச் சீசாவைக் கண்ணால கண்டதில்ல. எம் முன்னால அவிய அதை எடுத்ததே இல்ல. அவியளே ஒளிச்சு வச்சிருக்காவ. எதுக்கு ஒளிச்சாவன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. மருந்து ஊத்தணும்னு சொன்னா நான் என்ன புடுங்கியா எறியப் போறேன்?

அன்னையில இருந்து அப்பாவைத் தன் வீட்டுலயே வச்சுக்கிட்டா. "நீ வந்தாத் திரும்பவும் எதையாவது பிழிஞ்சு ஊத்துவ, வராத"ன்னுட்டா. நான் ஒத்தையில கெடக்கேன். வீட்டுல எதைத் தொட்டாலும் அவிய ஞாபகம். ஆக்குன சோத்தை ரெண்டு தட்டுல போட்டு வச்சிட்டு, பெறவு ஒரு தட்டை எடுத்துக் கவுத்துதேன். எனக்கு எம் புருசன் வேணும் தங்கச்சி. காது இல்லாட்டி என்ன? நான் சைகையில சோறு போடுவேன். அவிய வீட்டுக்கு வந்தாப் போதும்.

அதைக் கேக்கத்தான் இன்னைக்குப் போனேன். எண்ணெய் காய்ச்சிட்டுத்தான் போனேன், பொய் சொல்லல. வாசல்லயே பையைத் தொறந்து பாத்து சீசாவை எடுத்து வெளிய வச்சிட்டா மவ. போலீசுகாரி தோத்தா. சரின்னு வெறுங்கையோட உள்ள போனேன்.

கட்டில்ல இருந்தாவ. மெலிஞ்சு போனாவ. காதுக்குப் பின்னால தையல் போட்ட தடம். என்னைப் பாத்ததும் முகம் அப்படியே மலர்ந்துச்சு. நவுந்து எடம் விட்டாவ. நான் உக்காந்தேன். உக்காந்ததும், மவ நிக்கதைக்கூடப் பாக்காம, எம் மடியில தலையை வச்சுப் படுத்துட்டாவ. எனக்குத் தாங்கல தங்கச்சி. இத்தனை நாளும் சொல்லாததைச் சொல்லணும்னு வந்துட்டு. அந்தக் காதுக்கிட்டக் குனிஞ்சேன். "பிள்ளையை நீங்க கொல்லல. கடலு எடுத்துட்டு. உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, வீட்டுக்கு வாங்க"ன்னு சொல்லுதேன்.

நான் குனியவும், அவிய கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கிட்டாவ.

"கையை எடுங்க, பேசத்தான் செய்யுதேன்"ன்னேன். அவியளுக்கு எப்படிக் கேக்கும்? எண்ணெய் ஊத்தப் போறேன்னு நெனச்சிட்டாவ. நான் குனியக் குனிய இன்னும் அழுத்திப் பொத்துதாவ. கண்ணை இறுக்கி மூடிட்டு, வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுதாவ. ஆனா அந்தத் தலையை மட்டும் மடியில இருந்து எடுக்கல.

எனக்கு நெஞ்சு அறுந்து போச்சு. அப்பம் இத்தனை நாளும் வேண்டாமத்தான படுத்துக் கெடந்திருக்காவ? "வேண்டாம்னா ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லப்பிடாதா?"ன்னு அவியளைப் போட்டு உலுக்கிக் கேட்டேன். எம் மவதான் பதில் சொன்னா. அழுதுட்டே சொன்னா. "எப்படிம்மா சொல்லுவாவ? சொன்னா நீ மறுபடியும் அப்பாட்ட பேசாம இருந்துருவேல்லா?"

கேட்டியா தங்கச்சி, பெத்த தாயிட்ட கேக்குற கேள்வியை? அவிய தலையை எடுத்துத் தலையணையில வச்சேன். அப்பந்தான் காதுல இருந்து கையை எடுத்துட்டு, கண்ணைத் தொறந்து எம் மூஞ்சியையே பாத்தாவ. நான் என்னமாவது சொல்லுவேன்னு வாயையே பாத்தாவ. நான் ஒண்ணும் சொல்லல. அவியட்டயும் சொல்லல, மவட்டயும் சொல்லல. வாயே தொறக்காம எறங்கி வந்து பஸ் ஏறிட்டேன்.